கோணமானி

பள்ளிக்கூடப் பெட்டியில் கிடந்த
பிளாஸ்டிக் கோணமானிதான்.
தொண்ணூறு என்ற எண் தேய்ந்து போயிருக்கிறது.
குருவே மலைச்சரிவில், தேயிலைக்கு மேல்,
டெல்ஃபினா நிகுருப்பா அதை வைத்துத்தான்
பீன்ஸ் வேர்களை அளக்கிறாள்.

தண்டிலிருந்து ஒரு சாண் விட்டு
மண்வெட்டியைக் குத்தி, நெம்பி,
வாளித் தண்ணீரில் அலசுவாள்.
சிவப்பு கரைந்து போகும்.
வெள்ளையாய் ஒரு தாடி மிஞ்சும்.

அந்தச் சிவப்பு இரும்பு.
மணிச்சத்து இந்த மண்ணில் இல்லாமல் இல்லை,
இரும்பின் பிடியில் இருக்கிறது.
கடன் வாங்கி ஒரு மூட்டை உரம் போட்டாலும்
நாலு மழைக்குள்
அதில் பாதி இரும்பின் கட்சிக்குப் போய்விடும்.

தண்ணீர் போல அது வேரிடம் வராது.
ஒரு போகம் முழுக்க நகர்ந்தால்
ஒரு மயிரிழைத் தூரம்.
வேர்தான் போக வேண்டும்.
போய், தன் ரோமங்களால் ஒட்டி நின்று,
கொஞ்சம் புளிப்பைக் கசியவிட்டு,
கிடைத்ததை வாங்கிக்கொண்டு,
அந்த இடம் வற்றியதும்
பக்கத்தில் நகர வேண்டும்.

அகல உழுவதைவிட ஆழ உழு
என்று சொல்லும் மொழியில்
இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
ஆழ்ந்த அன்பு, ஆழ்ந்த உறக்கம்,
இரங்கல் தந்திக்குக்கூட ஆழ்ந்த அனுதாபம்.
மேலோட்டம் என்றால்
யாரையோ குறை சொல்கிறோம்.

ஆனால் மணிச்சத்து அதிகம் இருப்பது
மேல் நாலு விரலில்:
உதிர்ந்த இலை, அடுப்புச் சாம்பல்,
ஆட்டுப் புழுக்கை,
போன வருஷத்து மக்காச்சோளத் தாள்
மக்கிக் கிடக்கும் அந்த நாலு விரலில்.
மேலோட்டமாய்ப் படரும் வேருக்குத்தான்
அங்கே சாப்பாடு.

கிடைமட்டத்திலிருந்து முப்பது பாகை.
'நல்லது' என்று எழுதினாள்.
அறுபத்தெட்டு.
ஒன்றும் எழுதவில்லை.

நிலத்துக்காரன் அட்டனாசியோ முவாகிவா
குந்தியபடி பார்த்திருந்துவிட்டுக் கேட்டான்:
"பிப்ரவரியில் மழை நின்றுபோனால்
மேலே படுத்திருக்கிறவன் எதைக் குடிப்பான்?"

டெல்ஃபினாவிடம் பதில் இருந்தது.
நீளமான பதில்.
அடுத்த செடியைத் தோண்டினாள்.

மூன்றாம் பாத்தியில்தான் கணக்கு உதைத்தது.
முப்பத்தொன்று. எழுபது.
இருபத்தொன்பது. எழுபத்திரண்டு.
ஒரே வரிசை, ஒரே விதை என்று
அவள் கைப்பட எழுதிக் குத்திய பலகை
பக்கத்திலேயே நிற்கிறது.

"யார் கலந்தது?"

அட்டனாசியோவின் கொழுந்தி ஒலிம்பியா
மறைக்கவில்லை.
புள்ளி விதையையும் சிவப்பு விதையையும்
ஒரே எண்ணெய் டின்னில் போட்டு வைத்திருந்தாளாம்.
"சட்டியில் எப்படியும் கலக்கத்தானே போகிறது?"

டெல்ஃபினா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.
ஐந்து மாத வேலை.
தலைநகரத்துக்கு என்ன எழுதுவது?
கோபத்தில் பிடுங்கிய இரண்டு செடிகள்
நீலத் தார்ப்பாயில் அருகருகே கிடந்தன.
ஒன்று குடை போல விரிந்திருந்தது,
ஒன்று ஆணி போல இறங்கியிருந்தது.
ஒன்றின் வேர் மற்றதன் வழியில்
எங்கும் குறுக்கிடவில்லை.
மேலே ஒன்று உண்ண,
கீழே ஒன்று குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

காய்களை எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
அதிகம்தான்.
ஆனால் ஒரு பாத்தி எதையும் நிரூபிக்காது,
பயிற்சிக்கு வருகிறவர்களிடம்
அவளே சொல்லும் வாக்கியம் இது.

அட்டனாசியோ சிரிக்கவும் இல்லை,
ஜெயித்தது போலப் பார்க்கவும் இல்லை.
கோணமானியை வாங்கி
மலைச்சரிவுக்கு நேராய்ப் பிடித்துப் பார்த்து
திருப்பிக் கொடுத்தான்.

நோட்டில் காலி இடமில்லை.
ஓரத்தில் ஸ்கேல் இல்லாமல்
கோணலாய் ஒரு கோடு இழுத்து,
தலைப்பில் 'கலப்பு' என்று எழுதினாள்.
ஒலிம்பியாவிடம் டின்னில் மிச்சம் இருக்கிறதா
என்று கேட்டாள்.

வேர் கழுவிய தண்ணீர் வாளியில் சிவந்து நின்றது.
அதைப் பாதையில் கொட்டப் போனவளைத் தடுத்து,
வாளியை வாங்கிக்கொண்டு,
ஒலிம்பியா நடந்தாள்
மூன்றாம் பாத்திக்கு.